டிக்கெட்டுக்கு முன்னால் பேர்: ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடை

அம்மாவை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்து இரண்டு மாதமாகிறது. போக வேண்டும் என்று வீட்டில் பேச்செடுத்த நாளிலிருந்து கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய நாள் வரை கிட்டத்தட்ட ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் நானும் அம்மாவும் பதினோரு தடவை படியேறிய கடை ஒன்று ஹட்டனில் இருக்கிறது. மலையகத்திலிருந்து முதல்முறையாக வெளிநாடு போகிறவர்களுக்கு, அதிலும் வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு, அந்தக் கடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின், சுவரில் ஆணியடித்துக் கட்டிய வெள்ளைத் துணி, நாலு பேர் உட்காரக்கூடிய மர வாங்கு ஒன்று. ரீலோட் போடுவார்கள், சிவி அடித்துக் கொடுப்பார்கள், பிள்ளைகளின் அசைன்மென்ட் பிரிண்ட் எடுப்பார்கள். எங்கள் பக்கம் இப்படிப்பட்ட கடையை எல்லாம் கொமினிகேஷன் என்றுதான் சொல்வோம். ஒரு அண்ணன் நடத்துகிறார், உதவிக்கு ஒரு தங்கச்சி இருக்கிறார். கடைப் பெயரைப் போட வேண்டாம் டீச்சர், இப்போது வருகிற ஆட்களுக்கே வாங்கு போதவில்லை என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தக் கடை செய்ததன் அருமை புரியும். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 1974இல் இந்தியாவுக்குப் போனவர். மலையகத் தமிழர்களை இரண்டு நாட்டுக்கும் பங்கிட்ட 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பெரியப்பாவின் வீட்டார் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தாத்தா வீடு இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்த வீடு. கல்யாணமான பெண் புருஷன் வீட்டோடுதானே போக வேண்டும். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்தது. இங்கே கிள்ளிய கொழுந்தை அங்கேயும் கிள்ளினார். இப்போது கோத்தகிரிக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். அவர் போகும்போது அம்மாவுக்கு 17 வயது. அதற்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்தது போனில் மட்டும்தான். போன வருஷம் ஒரு நாள் வட்ஸ்அப்பில் பேசும்போது பெரியம்மா, "எனக்கு முட்டி போயிருச்சு லெட்சுமி, இனிமே நீதான் வரணும்" என்றார். அம்மா போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் நான் பாஸ்போர்ட் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் போனது இந்தக் கடைக்கு இல்லை. தோட்டங்களுக்கு வந்து போகிற ஒரு புரோக்கரிடம் போனோம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். அம்மாவின் ஐடியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்பணமாக 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் போன் எடுக்கவில்லை. அப்புறம் பேரில் பிரச்சினை இருக்கிறது, இன்னும் 20,000 வேண்டும் என்றார். என்ன பிரச்சினை என்று கேட்டால் சரியான பதில் இல்லை. கொடுத்ததில் பாதியைத்தான் திருப்பி வாங்க முடிந்தது. எங்களுடைய பிள்ளைகள் எத்தனையோ பேர் கத்தாருக்கும் குவைத்துக்கும் போகும்போது இப்படித்தான் இழக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன்.

என் பாடசாலையில் கூட வேலை செய்கிற டீச்சர் ஒருவர் சொல்லித்தான் அங்கே போனோம். நான் போனதும் போகாததுமாக டிக்கெட் எவ்வளவு, விசா எவ்வளவு என்று ஆரம்பித்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் கடைசி டீச்சர். முதலில் அம்மாவுடைய தாளெல்லாம் எடுங்க." நான் பையில் கொண்டு போயிருந்ததை எல்லாம் மேசைமேல் வைத்தேன். மேசைக்கு மேல் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியின்மேல் அவர் நான்கு தாள்களை வரிசையாகப் பரப்பினார்: பிறப்புச் சான்றிதழ், ஐடி, கல்யாணச் சான்றிதழ், சேமலாப நிதி (இபிஎஃப்) கடிதம். ஒரு மரத்தாலான அடிமட்டத்தைப் பெயர் இருக்கிற வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு தாளிலும் அம்மாவின் பேரை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் லெட்சுமி. ஐடி பழையது, சிங்களத்தில் மட்டும் எழுதியது, அதில் லெச்சமி. கல்யாணச் சான்றிதழில் லட்சுமியம்மாள். சேமலாப நிதியில் லெட்சுமி, ஆனால் அப்பா பேர் பெருமாள் என்பதற்குப் பதிலாகப் பெரமால். பிறந்த திகதி நல்ல வேளையாக எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அம்மா வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷம் மலையில பேர் போட்டிருக்கேன் தம்பி, தாள்ல என் பேரு சரியில்லையா?" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அண்ணனுக்கு அது சட்டென்று புரிந்தது. "உங்க பேர் சரிதான்மா. எழுதினவங்கதான் அவங்க காதுல விழுந்தபடி எழுதிட்டாங்க. நாம முழுப்பேரா மாத்திருவோம்" என்றார். புரோக்கர் ஒரு மாதம் மறைத்து வைத்துக் காசு கேட்ட விஷயத்தை இவர் பத்து நிமிஷத்தில், ஒரு சதமும் வாங்காமல், எங்கள் கண்முன்னே காட்டினார்.

மலையகத்தில் பாதிப் பேருக்கு இதுதான் முதல் தடை என்று அவர் சொன்னார். நான் படிப்பிக்கிற பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தவள் என்ற முறையில் அது உண்மை என்று எனக்கும் தெரியும். தமிழில் சொன்ன பேரைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழும் ஐடியும் பொருந்த வேண்டும். அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் சரியாக இருந்ததால் ஐடியை அதற்கேற்ப மாற்றுவதுதான் சுலபம் என்று அண்ணன் வழி சொன்னார். முதலில் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழுக்குப் புது அத்தாட்சிப் பிரதி எடுக்கச் சொன்னார். எங்களிடம் இருந்தது மடிப்பு மடிப்பாகக் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியது. அப்புறம் ஐடி திருத்த விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த விண்ணப்பத்தைத் தோட்டத்துரை உறுதிப்படுத்தலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு பெயர்களும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் முடிக்கிற சத்தியக்கடதாசியையும் அடித்துத் தந்தார். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அம்மா சொன்னதும், "அதையும் ஒரு கொப்பி எடுத்து வச்சிருங்க. கேட்டா குடுங்க, கேக்காட்டி பைக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். இதற்கெல்லாம் சேர்த்து அவர் வாங்கியது 900 ரூபாய். புது ஐடி கைக்கு வர நான்கு மாதமானது.

அந்த நான்கு மாதத்தில் அவர் இன்னொரு வேலை கொடுத்தார், அது அம்மாவின் விரலுக்கு. பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை எடுப்பார்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி அம்மாவின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் வழுவழுவென்று ஆகிவிட்டன. ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்துக் காணியில் கைக்காசுக்குக் கிள்ளப் போவார். விரலிடுக்கில் கறை, நுனியில் வெடிப்பு. அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "போறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னாடி மலைக்குப் போறத நிப்பாட்டுங்கம்மா. ராத்திரி தேங்காயெண்ணெய் தேய்ச்சுட்டுப் படுங்க, சோடா போட்டுத் துணி துவைக்காதீங்க" என்றார். கண்டி பாஸ்போர்ட் அலுவலகத்தில் மெஷின் முதல் இரண்டு தடவை ரேகையை எடுக்கவில்லை, மூன்றாவது தடவை எடுத்தது. இ-விசாவில் போகிறவர்களுக்கு இந்தியாவில் இறங்கியதும் மறுபடி கைரேகை எடுப்பார்கள். திருச்சியில் முதல் தடவையே எடுத்துவிட்டது. தோட்டத்தில் வேலை செய்த கைகளுக்கு இந்தப் புத்தி சொன்னவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கையொப்பமும் அப்படித்தான். அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழில் பேர் எழுதுவார், ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் கொழுந்துக் கூடை அளவுக்கு வரும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கையொப்பத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதற்குள்ளேயே போட வேண்டும். அண்ணன் ஒரு வெள்ளைத் தாளில் அதே அளவில் பன்னிரண்டு கட்டம் அடித்துப் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். முதல் கட்டத்தில் 'லெட்' மட்டும்தான் கொண்டது. நாலாவது கட்டத்தில் 'மி' கோட்டைத் தாண்டியது. எட்டாவதில் சரியாக உட்கார்ந்தது. அம்மா அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு இரவும் எழுதிப் பார்த்தார். அந்தத் தாள் இப்போதும் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பும்போது அண்ணன் கேட்ட ஒரு கேள்வியை நான் மறக்க மாட்டேன். "தபால் உங்க வீட்டுக்கு வருமா, தோட்டத்து ஆபீசுக்கு வருமா?" லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறவர்களுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தர வேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அதற்கான கடிதம் கையில் கிடைத்த பிள்ளைகள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். அதனால் டிவிசன் பேர், லய இலக்கம், என் போன் நம்பர் எல்லாம் போட்டு, பாடசாலை மூலம் என்று விலாசம் எழுதச் சொன்னார். அப்படித்தான் எழுதினோம், ஒழுங்காக வந்து சேர்ந்தது.

படம் மட்டும் அவர் எடுக்கவில்லை. பாஸ்போர்ட் படத்தைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அனுமதித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். ஸ்டூடியோவிலிருந்து நேராகக் கணினி வழியாக அனுப்புவார்கள், கையில் ஒரு ரசீது மட்டும் தருவார்கள். அதைத் தொலைக்க வேண்டாம். கண்டி பிராந்திய அலுவலகத்துக்கு முன்கூட்டியே நாள் பதிந்து கொடுத்தார். சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒருநாள் சேவைக்கு 20,000. அவசரம் இல்லாதவர்கள் ஏன் இரட்டிப்புக் காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சாதாரண சேவையிலேயே போடச் செய்தார். தன் கடைக்கு இதில் எந்த லாபமும் இல்லாதபோதும் எங்கள் காசைப் பார்த்துப் பேசினார் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

விசாவுக்கு வருவோம். இலங்கைக்காரர்கள் இந்தியாவுக்கு இ-விசா எடுக்கலாம், எங்கேயும் போகத் தேவையில்லை. ஆனால் இணையத்தில் தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே வேஷம் போட்ட தளங்கள் முதலில் வந்து நிற்கும், மூன்று நான்கு மடங்கு காசு பிடுங்கும். முகவரியின் கடைசியில் 'கவ் டொட் இன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு எழுத்தாவது அடிக்க வேண்டும் என்று அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். 30 நாள் விசாவுக்கு ரொம்ப முன்கூட்டியும் விண்ணப்பிக்க முடியாது, பயணத்துக்கு 30 நாளுக்குள்தான் போட வேண்டும். கடைசி 4 நாள் வரை தள்ளிப் போடவும் கூடாது. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். இதற்குப் பாஸ்போர்ட் படம் சரிவராது, சதுரமான படம் வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். சுவரில் கட்டிய வெள்ளைத் துணி அதற்குத்தான். அம்மாவை அங்கே நிற்க வைத்து ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்.

அந்த விண்ணப்பம் பெரியது. அம்மா அப்பா பிறந்த ஊர், நாடு, முன்னால் வேறு குடியுரிமை இருந்ததா என்றெல்லாம் கேட்கும். உடம்பில் ஒரு மச்சமோ தழும்போ அடையாளம் சொல்ல வேண்டும். இந்தியாவில் தெரிந்த ஒருவரின் பேர், முழு விலாசம், போன் நம்பர் வேண்டும், ஆறு இலக்கப் பின்கோடும் சேர்த்து. பெரியம்மாவின் மகன் அதை வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினார். தாத்தா பிறந்த இடம் எது என்று கேட்டபோது அம்மாவுக்குத் தோட்டத்துப் பேர் தெரிந்தது, தாத்தாவின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதும் தெரிந்தது. அண்ணன் அவசரப்படுத்தாமல் கேட்டு, தேவையானதை மட்டும் அடித்தார். பேரை அடிக்கும்போது பாஸ்போர்ட்டின் மேல்வரியைப் பார்த்தது போதாது என்று, பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக வருகிற இரண்டு வரியைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். டிக்கெட்டிலும் அதே எழுத்துத்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறு நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னுடைய விண்ணப்பத்தை உதவிக்கு இருக்கிற தங்கச்சி அடித்தார். பிறந்த திகதியில் மாதத்தையும் நாளையும் மாற்றிப் போட்டுவிட்டார். காசு கட்டுவதற்கு முன்னால் திரையில் வருகிற முழு விபரத்தை நான் வாசித்துப் பார்த்ததால் பிடிபட்டது. அனுப்பிய பிறகு திருத்த முடியாது. அண்ணன் மன்னிப்புக் கேட்டு, என் விண்ணப்பத்துக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆனாலும் கடையில் கூட்டம் இருக்கிற நேரத்தில் அந்தத் தங்கச்சிக்கு அவ்வளவு வேலையையும் கொடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். யார் அடித்துக் கொடுத்தாலும் கடைசித் திரையை நீங்களே ஒரு தடவை விரல் வைத்து வாசியுங்கள்.

காசு கட்ட உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். என் அட்டையில் திறந்திருக்கவில்லை, முதல் தடவை நின்றுவிட்டது. மூன்று தடவைக்கு மேல் தவறினால் விண்ணப்பமே முடங்கிவிடும் என்பதால் அண்ணன் மறுபடி முயற்சி செய்ய விடவில்லை. வங்கிக்குப் போய்த் திறந்துவிட்டு அடுத்த நாள் வந்து கட்டினேன். ஒருவருக்கு 1,500 ரூபாய் அவருடைய கூலி. இரண்டாம் நாள் விசா மின்னஞ்சலில் வந்தது. அதை மூன்று பிரிண்ட் எடுத்து ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில் என்று பிரித்து வைக்கச் சொன்னார்.

இன்னொரு குறை. அவருடைய கம்ப்யூட்டரின் முன்திரையில் வந்தவர்களின் ஐடி, பாஸ்போர்ட் படங்கள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. பக்கத்தில் நிற்கிற யாரும் பார்க்கலாம். எங்களுடையதை அழிக்கச் சொன்னேன், உடனே அழித்தார். ஆனால் கேட்காதவர்களுடையது கிடக்கத்தான் செய்கிறது. இவ்வளவு பொறுப்பாக இருக்கிற ஒருவர் இதையும் கவனிக்க வேண்டும் என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன். போகிறவர்கள் வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். படியும் ஒரு பிரச்சினை. பதினெட்டுப் படி, கைபிடி ஒரு பக்கம்தான். முட்டி வலி இருக்கிறவர்களுக்குக் கஷ்டம். அம்மாவுக்கு முடியாத ஒரு நாள் அண்ணன் தாள்களைத் தூக்கிக்கொண்டு கீழே பேக்கரிக்கு வந்து கையொப்பம் வாங்கினார்.

டிக்கெட் அவர் போடுவதில்லை, அதை வேறு இடத்தில்தான் எடுத்தோம். ஆனால் விசா வந்த அன்று ஒரு அரை மணித்தியாலம் உட்கார வைத்துச் சொன்னது பல டிராவல்ஸ்காரர்கள் சொல்லாதது. அம்மாவுக்குப் பிரஷரும் சீனியும் இருக்கிறது, டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிளினிக். 2017இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்த ஆஸ்பத்திரி அது. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைக் கொப்பி எடுத்து, மருந்துகளின் உண்மையான பேரை டொக்டரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்கி, போகிற நாளைவிட ஒரு கிழமைக்குக் கூடுதலான மாத்திரையைக் கைப்பையிலேயே வைக்கச் சொன்னார். பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் மாத்திரை பிந்தக் கூடாது.

சார்ஜரைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். சதுர முள், 13 ஆம்பியர். அது இந்தியாவின் வட்ட ஓட்டைக்குள் போகாது. எங்கள் லயத்தில் இன்னும் இருக்கிற பழைய வட்டமுள் பிளக் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. அம்மாவின் பழைய ரேடியோவின் பிளக்கைக் கழற்றி நான் கொண்டு போனது கோத்தகிரியில் நன்றாகவே உதவியது. காசைப் பற்றி அவர் சொன்னது: வங்கியில் பாஸ்போர்ட்டும் விசாவும் டிக்கெட்டும் காட்டி டொலர் வாங்கு, அங்கே மாற்றியதும் நூறு இருநூறு தாள்களாகக் கேட்டு வாங்கு, அங்கே எல்லோரும் போனைக் காட்டித்தான் காசு கட்டுகிறார்கள், உங்கள் போனில் அது வேலை செய்யாது. அப்படித்தான் இருந்தது. மேட்டுப்பாளையத்தில் டீ குடித்த கடையில் 500 ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லை. சிம் வாங்க பாஸ்போர்ட், விசா கொப்பியோடு படமும் கேட்டார்கள், கூட எடுத்துப்போன நான்கு படத்தில் இரண்டு அங்கே செலவானது.

பெரியம்மா கேட்டது இரண்டே சாமான்: சந்தனச் சவுக்காரமும் மாசியும். சவுக்காரம் ஒரு டசின் போனது. மாசியை, சுங்கத்தில் உணவு, மீன் சாமானுக்குக் கேள்வி வரும், வயசானவங்களோட போகும்போது அந்தத் தொல்லை வேண்டாம் என்று அண்ணன் தடுத்துவிட்டார். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதற்குப் பதிலாக எங்கள் தோட்டத்துத் தேயிலை ஒரு கிலோ கட்டிக்கொண்டார். பெட்டியைக் கடையில் இருக்கிற தொங்கு தராசில் நிறுத்துப் பார்க்கலாம், அதற்குக் காசு இல்லை. கைப்பையும் 7 கிலோவுக்குள் இருக்கிறதா என்று நிறுத்துப் பார்த்தோம்.

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகிற விஷயத்தில் அவர் கண்டிப்பாக இருந்தார். கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக இறங்குகிற பாதையில் மழை பெய்தால் மண்சரிவு, ஒரு பக்கம் மட்டும் திறப்பார்கள். காலை விமானம் என்றால் முதல் நாள் சாயந்திரமே கிளம்பு என்றார். கிளம்பினோம். கித்துல்கலைக்கு மேலே மரம் விழுந்து ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். விடியக்காலையில் கிளம்பியிருந்தால் விமானத்தை விட்டிருப்போம்.

திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்தான். அங்கிருந்து கோயம்புத்தூருக்கு பஸ், அப்புறம் மேட்டுப்பாளையம், அப்புறம் மலை. கார் பிடித்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வருகிற வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும், டிரைவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போனால் அந்தக் கவலை இல்லை. நாங்கள் பஸ்ஸில் போனோம். வளைவுகளில் ஏறும்போது அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு மாதிரியே கவ்வாத்து வெட்டியிருக்கான் பாரு" என்றார். குளிருக்கு வேறு உடுப்பு வாங்கத் தேவையிருக்கவில்லை, நம்முடைய ஸ்வெட்டரே போதும்.

பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

திரும்பி வந்த கிழமையே அம்மா கடைக்குப் போக வேண்டும் என்றார். பதினெட்டுப் படியும் ஏறி, கோத்தகிரியில் வாங்கிய வர்க்கிப் பாக்கெட் ஒன்றை அந்தக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அண்ணன் பாஸ்போர்ட்டை வாங்கி, திருச்சியில் குத்திய முத்திரையைத் தேடிப் பார்த்துவிட்டு, "பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். "கவுண்டர்ல கூப்பிட்டாங்க தம்பி. லெட்சுமின்னே கூப்பிட்டாங்க" என்றார் அம்மா.

கடை காலை எட்டரைக்குத் திறக்கும், ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி நாளும் இல்லை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதியை ஒட்டித் தோட்டச் சம்பள நாட்களில் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. செவ்வாய், புதன் காலையில் போனால் நிதானமாகப் பேசலாம். போகும்போது வீட்டில் இருக்கிற எல்லாத் தாளையும், கிழிந்ததையும்கூட, அள்ளிக்கொண்டு போங்கள். வருகிற புதன்கிழமை நானும் மறுபடி போகிறேன். மாமாவின் மகனுக்கு டுபாயில் ஹோட்டல் வேலை வந்திருக்கிறது. நேற்று இரவு அவனுடைய தாள்களை மேசையில் பரப்பி அடிமட்டம் வைத்து வாசித்துப் பார்த்தேன். பேர் மூன்று விதமாக இருக்கிறது.